கீமோ முடிந்த பிறகு யாரிடம் போய் அழுவது?

போன மாதம் நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். வயது 28. மார்பகத்தில் கேன்சர். ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. "அக்கா, வீட்டுல எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. அம்மா பாடலீஸ்வரருக்கு அபிஷேகம் பண்ணிட்டு வந்துட்டாங்க. நான் மட்டும் பாத்ரூம்ல குழாயத் திறந்து விட்டுட்டு அழுதுட்டிருக்கேன். இதுக்கு எங்க போறது, யாரப் பாக்கிறதுன்னே தெரியல" என்றாள்.

நான்கு வழிகளை அவளே விசாரித்து வைத்திருந்தாள். சிகிச்சை எடுத்த ஆஸ்பத்திரியிலேயே மனநல டாக்டரைப் பார்ப்பது, பாண்டியில் தனியாகக் கவுன்சிலிங் போவது, அரசாங்கத்தின் இலவச எண்ணில் பேசுவது, கேன்சரிலிருந்து மீண்டவர்களோடு ஒரு குழுவில் சேர்வது. இதில் எது நல்லது என்று கேட்டாள். அரை மணி நேரம் பேசினேன். போனை வைத்த பிறகும், பாதிதான் சொன்னோம் என்ற எண்ணம் போகவில்லை. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எனக்கு 24 வயதில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா வந்தது. நிணநீர்க் கணுக்களில் வரும் கேன்சர் அது. வீடு கடலூர் மஞ்சக்குப்பம், சிகிச்சை புதுச்சேரியில். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாக 12 தடவை மருந்து ஏற்றினார்கள். அப்புறம் கழுத்துக்கு ரேடியேஷன். எங்கள் பக்கத்தில் அதைக் 'கரண்டு வைக்கிறது' என்பார்கள். இப்போது எனக்கு 31. அந்த நான்கு கதவுகளையும் ஒவ்வொரு சமயத்தில் தட்டியிருக்கிறேன். தப்பான வரிசையில் தட்டினேன். அதில் ஒரு வருடத்துக்கு மேல் வீணாய்ப் போனது. அந்த வரிசையைப் பற்றித்தான் எனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சின்ன வயதில் இந்த நோய் வந்தவர்களின் கஷ்டம் கொஞ்சம் வேறு மாதிரி. மருத்துவத்தில் 15 முதல் 39 வயது வரை உள்ள நோயாளிகளைத் தனிப் பிரிவாக வைத்துப் பேசுகிறார்கள். படிப்பு, முதல் வேலை, கல்யாணம், குழந்தை எல்லாம் வந்து நிற்கிற வயது அது. ஆனால் நம் ஆஸ்பத்திரிகளில் ஒரு பக்கம் குழந்தைகள் வார்டு இருக்கும், இன்னொரு பக்கம் ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் நிறைந்த கூடம் இருக்கும். நான் கீமோவுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்பார், "யாருக்கும்மா, அம்மாவுக்கா?" எனக்குத்தான் என்று சொன்னதும் அவர் முகம் மாறுவதைப் பார்க்க முடியாமல், சில நாள் ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன்.

சிகிச்சை நடக்கும்போது இவ்வளவு அழவில்லை. அடுத்த தேதி, அடுத்த ரத்தப் பரிசோதனை, அடுத்த ஊசி என்று நாட்கள் நகர்ந்தன. முடிந்த பிறகுதான் எல்லாம் சேர்ந்து வந்தது. "இனிமே மூணு மாசத்துக்கு ஒரு தடவ வந்தாப் போதும்" என்று டாக்டர் சொன்ன அன்று அப்பா ஸ்வீட் வாங்கினார். எனக்குப் பிடித்துக்கொண்டிருந்த கயிறு கையை விட்டுப் போன மாதிரி இருந்தது. இது உங்களுக்கும் நடந்திருந்தால் பயப்படாதீர்கள். நிறையப் பேருக்கு நடக்கிறது.

எங்கே போவது என்று யோசிக்கும் முன் எது வலிக்கிறது என்று பிரித்துப் பார்க்கச் சொல்வேன். நான் அதைச் செய்யவில்லை. என்னிடம் மூன்று வெவ்வேறு கஷ்டங்கள் இருந்தன. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'டிப்ரஷன்' என்று பெயர் வைத்துக்கொண்டு முதலில் போனது ஒரு தனியார் கவுன்சிலரிடம்.

ரேடியேஷன் முடிந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்த நேரம் அது. காலையில் எழுந்திருக்கவே முடியாது. பல் தேய்த்துவிட்டு வந்து மறுபடி படுத்துக்கொள்வேன். கடலூரில் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது, நான் போர்வைக்குள் கால்களை மடக்கிக்கொண்டு கிடக்கிறேன். மலச்சிக்கல். எடை ஏறியது. காரணம் இல்லாமல் அழுகை. அந்தக் கவுன்சிலரிடம் மூன்று தடவை போனேன். பாசிட்டிவாக இருங்கள், தினமும் கண்ணாடியைப் பார்த்து 'நான் ஜெயித்துவிட்டேன்' என்று சொல்லுங்கள் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் கழுத்தில் ரேடியேஷன் எடுத்தவள் என்று சொன்ன பிறகும், கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அந்த வாக்கியத்தைச் சொல்ல முடியாத ஒவ்வொரு காலையிலும் தப்பு என்னிடம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த இளம் டாக்டர் என் பழைய ஃபைலை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். பேச்சை ஆரம்பிக்கும் முன்பே டிஎஸ்எச் பார்க்கச் சீட்டு எழுதினார். தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சாதாரண ரத்தப் பரிசோதனை. கழுத்தில் ரேடியேஷன் எடுத்தவர்களுக்குச் சில மாதமோ சில வருடமோ கழித்துத் தைராய்டு சுரப்பு குறைவது அடிக்கடி நடக்கக்கூடியது. சோர்வு, குளிர், மந்தம், மனச்சோர்வு எல்லாம் அதிலேயே வரும். எனக்கு மிகவும் குறைந்திருந்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன தைராக்ஸின் மாத்திரை. இரண்டு மாதத்தில் போர்வையை மடித்து வைத்தேன்.

அதனால் என் முதல் ஓட்டு, சிகிச்சை எடுத்த ஆஸ்பத்திரிக்கோ மனநலப் பிரிவு உள்ள மருத்துவக் கல்லூரிக்கோதான். ஒரே ஒரு தடவையாவது முதலில் அங்கே போய்விட்டு வாருங்கள். கேன்சர் வந்த உடம்பில் மனக்கஷ்டத்துக்கு உடம்பே காரணமாக இருக்க எத்தனையோ வழி இருக்கிறது. லிம்ஃபோமாவுக்கும் ரத்தப் புற்றுநோய்க்கும் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகள் தூக்கத்தைக் கெடுக்கும், சிலருக்கு எரிச்சலையும் அழுகையையும் மாறி மாறிக் கொண்டுவரும். ரத்தசோகை ஆளைச் சாய்க்கும். மாத்திரைகளுக்குள்ளேயும் மோதல் உண்டு. நெல்லிக்குப்பத்துப் பெண், மார்பகக் கேன்சர் திரும்பி வராமல் இருக்கக் கொடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறாள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பராக்ஸெடின், ஃபுளுவாக்ஸெடின் போன்ற சில மருந்துகள், டமாக்சிஃபென் உடம்பில் தன் வேலையைச் செய்யும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கக்கூடியவை. மோதாத வேறு மருந்துகள் இருக்கின்றன. டமாக்சிஃபென் சாப்பிடுகிறேன் என்று மனநல டாக்டரிடம் வாய்விட்டுச் சொன்னால் போதும், அவர் பார்த்து எழுதுவார். ஏற்கெனவே இரண்டும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். அடுத்த தடவை போகும்போது கேளுங்கள்.

நம் பக்கத்தில் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. பாண்டி கோரிமேட்டில் ஜிப்மர் ஆஸ்பத்திரியில் மண்டலப் புற்றுநோய் மையமும் மனநலத் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. கதிர்காமத்தில் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி, காலாப்பட்டில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கின்றன. கடலூரிலிருந்து போகிறவர்களுக்குப் பாண்டி வரைக்கும்கூடப் போக வேண்டாம், வழியிலேயே கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. தெற்கே இருப்பவர்களுக்குச் சிதம்பரத்தில் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி. மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

குறையும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். கூட்டம். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டுப் போட்டாலும் மதியம் ஆகிவிடும். உள்ளே போனால் பத்து நிமிடம் கிடைக்கும், சில நாள் அதுகூட இல்லை. போன தடவை பார்த்த டாக்டர் இந்தத் தடவை இருக்க மாட்டார். மனநலப் பிரிவு என்ற போர்டுக்குக் கீழே உட்காரும்போது ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற உதறல் வேறு. எனக்கு அந்த உதறல் இரண்டாவது தடவையே போய்விட்டது. எதிர் பெஞ்சில் என் பள்ளிக்கூட டீச்சர் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம், எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தப் பத்து நிமிடத்தை வீணாக்காமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். புற்றுநோய் மருத்துவத்தில் 'டிஸ்ட்ரஸ் தெர்மாமீட்டர்' என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். காய்ச்சல் பார்க்கும் கருவி போல ஒரு படம், அதில் 0 முதல் 10 வரை எண்கள். போன ஒரு வாரத்தில் உங்கள் மனக்கஷ்டம் எவ்வளவு என்று ஒரு எண்ணை வட்டமிட வேண்டும். 4 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. "மனசு சரியில்ல டாக்டர்" என்று நான் சொன்னபோதெல்லாம் "எல்லாம் சரியாயிடும்மா" என்ற பதில்தான் வந்தது. "போன வாரம் பத்துக்கு ஏழு, தூக்கம் மூணு மணி நேரம், ரெண்டு வாரமா எதுலயும் பிடிப்பு இல்ல" என்று சொன்ன அன்றுதான் டாக்டர் பேனாவை எடுத்தார்.

நோய் இன்னும் போகாமல் மருந்தோடு வாழ்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பேலியேட்டிவ் கேர் என்று டாக்டர் சொன்னால் 'கையை விரிச்சிட்டாங்க' என்று வீட்டில் ஒப்பாரி வைத்துவிடுகிறார்கள். அது கடைசி நாட்களுக்கு மட்டுமான வைத்தியம் இல்லை. வலி, மூச்சுத்திணறல், தூக்கம், பயம், வீட்டாரின் களைப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற பிரிவு அது. கீமோ நடந்துகொண்டிருக்கும்போதே அங்கே போகலாம். உங்கள் ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவு இருந்தால், வலியும் மனமும் சேர்ந்து படுத்துகிறவர்கள் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத்தான் கேட்க வேண்டும்.

சரி, தைராய்டு சரியானது. ஆனால் பஸ் ஏறினால் வாந்தி வருவது நிற்கவில்லை.

கீமோ நாட்களில் அம்மா கையில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். பாண்டி போகும் பஸ் முள்ளோடை தாண்டியதும் "மோந்துக்கோடி" என்று என் மூக்குக்கருகே வைப்பாள். குமட்டலை அடக்கத்தான் வைத்தாள். 12 தடவை அந்த வாசனையோடு போய், 12 தடவை மருந்து ஏற்றிக்கொண்டு, 12 தடவை வாந்தி எடுத்து, கடைசியில் என் உடம்பு எலுமிச்சையையே மருந்து என்று பிடித்துக்கொண்டது. சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் கழித்து, பெரியப்பா வீட்டில் எலுமிச்சை சாதம் கிளறிய வாசனைக்கு நான் கொல்லைப்புறம் ஓடினேன். செக்கப்புக்குப் போகும்போது அரியாங்குப்பம் ஆற்றுப் பாலத்தில் பஸ் ஏறும், எனக்கு வாயில் எச்சில் ஊறும், அடுத்த நிமிடம் பை வேண்டும். கீமோ எடுத்தவர்களிடம் நன்றாகத் தெரிந்த விஷயம் இது. மருந்து உள்ளே போகும் முன்பே, இடமும் வாசனையும் பட்டவுடன் வருகிற குமட்டல். வாந்தி மாத்திரை இதற்கு அவ்வளவாகக் கேட்காது. மனப்பழக்கத்தால் வந்ததை மனப்பழக்கத்தால்தான் எடுக்க வேண்டும்.

இதற்குத்தான் தனியாக ஒரு உளவியல் நிபுணர் வேண்டியிருந்தது. பத்து நிமிட ஓ.பி.யில் இது நடக்காது. வாரம் ஒரு தடவை, முக்கால் மணி நேரம், அதே ஆள். முதலில் கை கால் தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தக் கற்றுக்கொடுத்தார். பிறகு கண்ணை மூடி பஸ் ஸ்டாண்டை மட்டும் நினைக்கச் சொன்னார். அடுத்த வாரம் வீட்டில் ஒரு எலுமிச்சம்பழத்தை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், தொடக் கூடாது. அதற்கடுத்த வாரம் முள்ளோடை வரை பஸ்ஸில் போய் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். அப்புறம் தவளக்குப்பம். எட்டாவது வாரம் பாலத்தைத் தாண்டினேன். கையில் பை இருந்தது, தேவைப்படவில்லை.

ஆக, குறிப்பிட்ட ஒரு தொல்லை உங்களைப் பிடித்து ஆட்டுகிறது என்றால், பணம் செலவானாலும் இந்த வழிதான் மற்ற மூன்றையும் விட நல்லது. ஸ்கேன் தேதி நெருங்க நெருங்கத் தூக்கம் போவது, கழுத்தை ஒரு நாளைக்கு நாற்பது தடவை தடவிப் பார்ப்பது, ஆஸ்பத்திரி வாசலிலேயே கால் பின்னுவது, இவையெல்லாம் இந்த வகை. நோய் திரும்பி வந்துவிடுமோ என்ற பயத்தை மொத்தமாகத் துடைத்துவிட யாராலும் முடியாது. ஆனால் அந்தப் பயம் வரும்போது என்ன செய்வது என்று பயிற்சி தர முடியும். சிபிடி என்று சொல்கிற பேச்சு சிகிச்சை இதற்கு உதவுகிறது.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கவனமாக இருங்கள். என் முதல் அனுபவத்தைச் சொன்னேன். சைக்கியாட்ரிஸ்ட் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேல்படிப்புப் படித்த டாக்டர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சு சிகிச்சை தருவார், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் வைத்திருப்பார். கவுன்சிலர் என்ற போர்டைச் சில வாரப் படிப்பு படித்தவர்களும் மாட்டுகிறார்கள், பல வருடம் படித்தவர்களும் மாட்டுகிறார்கள். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நான் இன்னொன்றும் கேட்பேன்: "இதுக்கு முன்னாடி கேன்சர் பேஷன்ட்ஸ பாத்திருக்கீங்களா?" இல்லை என்று நேராகச் சொல்லி, உங்கள் டாக்டரிடம் பேசலாமா என்று அனுமதி கேட்பவரை நம்பலாம். ஆரம்பத்திலேயே 'பாசிட்டிவ்' என்று தொடங்குகிறவரிடம் இரண்டாவது தடவை போகாதீர்கள். அழுவதால் கேன்சர் திரும்பி வராது. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது உங்கள் தலையில் ஏற்றும் அநியாயமான பாரம்.

கட்டணம் ஒரு தடவைக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்தைத் தாண்டியும் போகிறது. முதல் நாளே எத்தனை தடவை வர வேண்டியிருக்கும் என்று கேட்டுவிடுங்கள். வீடியோவில் பேசும் வசதி இருந்தால் பஸ் செலவு மிச்சம், ஆனால் ஒற்றை அறை வீட்டில் அம்மா அடுப்படியில் இருக்கும்போது எதைப் பேசுவது? நான் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பேசியிருக்கிறேன்.

கேன்சர் நோயாளிகளுக்கென்றே பயிற்சி பெற்ற உளவியல் துறை வேண்டும் என்றால் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் இருக்கிறது. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய நிறுவனம். ஏற்கெனவே அங்கே சிகிச்சை எடுக்கிறவர்கள் கட்டாயம் அந்தத் துறையைக் கேட்டுப் போய்ப் பாருங்கள். மற்றவர்கள் இதற்காக மட்டும் சென்னை வரை போய் வருவது கடினம் என்றே நினைக்கிறேன், வாரா வாரம் முடியாது. சிகிச்சைக்கும் செக்கப்புக்கும் ரயிலில் போகிறவர்கள் சலுகைப் படிவத்தை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்குங்கள். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு டிக்கெட் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, கூட வரும் ஒருவருக்கு 75 சதவீதம். இது தெரியாமலே இரண்டு வருடம் முழுக் காசு கொடுத்துப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இலவச எண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டெலிமானஸ், 14416. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசு கிடையாது. தமிழ்நாட்டில் 104இலும் மனநல ஆலோசனை கிடைக்கும். கேன்சர் திரும்பியிருக்கிறதா என்று பார்க்கும் பெட் (PET) ஸ்கேனுக்கு முந்தின இரவு இரண்டு மணிக்கு நான் கூப்பிட்டிருக்கிறேன். எதிர்முனையில் இருந்த பெண்ணுக்கு லிம்ஃபோமா என்றால் என்னவென்று தெரியவில்லை. ஆனால் பதறவில்லை, அவசரப்படுத்தவில்லை, விடியும் வரை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். அந்த இரவுக்கு அது போதுமாக இருந்தது. மறுபடி கூப்பிட்டால் வேறு ஆள் எடுக்கலாம், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். அதனால் மாதக்கணக்கில் இதை மட்டுமே நம்பி இருக்க வேண்டாம். வீட்டில் யாருக்கும் தெரியாமல் பேச வேண்டும் என்றாலும், எங்கே போவது என்ற தகவல் வேண்டும் என்றாலும் இதுதான் எளிது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள், 14416ஐக் கூப்பிடுங்கள், ஆபத்தான கட்டம் என்றால் 108ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இனி குழு. என்னை மனுஷியாக்கியது அதுதான் என்று மனதாரச் சொல்வேன். அதனாலேயே அதன் ஆபத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு செக்கப் நாளில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். திருக்கனூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன், 22 வயது இருக்கும், முட்டிக்கு மேலே எலும்பில் கேன்சர், ஊன்றுகோலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தான். "அக்கா, உங்களுக்கும் நகம் கறுத்துச்சா?" என்றான். இரண்டு பேருக்கும் கீமோவில் ஏற்றியது ஒரே சிவப்பு நிற மருந்துதான். அவன் கையை நீட்டினான், நகங்களில் அதே கறுப்புக் கோடுகள், பாதி வளர்ந்து மேலே ஏறியிருந்தன. "மொத நாள் யூரின் செவப்பாப் போச்சு, ரத்தம்னு நெனச்சு கத்திட்டேன்" என்றான். நானும் கத்தியிருந்தேன். மூன்று வருடத்தில் நான் யாரிடமும் அதைச் சொன்னதில்லை, சொன்னால் புரிந்துகொள்ள ஆள் இல்லை. அந்தப் பெஞ்சில் நாங்கள் சிரித்த சிரிப்புக்கு நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தார்.

அப்படித்தான் ஐந்து பேர் சேர்ந்தோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலூர் சில்வர் பீச்சில் நடப்போம். மற்ற நாட்களில் வாட்ஸ்அப். வேலை இன்டர்வியூவில் ஒரு வருட இடைவெளியை எப்படிச் சொல்வது, வரன் பார்க்க வருகிறவர்களிடம் எப்போது சொல்வது, உறவுக்காரர் கல்யாணத்தில் 'அந்தப் பொண்ணா' என்று கிசுகிசுத்தால் எப்படித் தலையை நிமிர்த்தி நிற்பது, இதையெல்லாம் எந்த டாக்டரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. வரன் விஷயத்தில் எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே கருத்து: முதல் சந்திப்பிலேயே கொட்ட வேண்டாம், ஆனால் நிச்சயத்துக்கு முன் சொல்லியே ஆக வேண்டும். மறைத்துச் செய்த கல்யாணம் கோர்ட் வரை போகலாம் என்பது ஒரு காரணம். மறைத்துக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செக்கப் போக முடியாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

மும்பையில் இந்தியன் கேன்சர் சொசைட்டியின் கீழ், குழந்தைப் பருவத்தில் கேன்சர் வந்து மீண்ட இளைஞர்கள் 'உகம்' என்ற பெயரில் குழுவாக இயங்குகிறார்கள். தமிழில் பேசுகிறவர்களுக்கு நடிகை கௌதமியைத் தெரியும், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டு 'லைஃப் அகெய்ன்' என்ற அமைப்பைத் தொடங்கியவர். நம் பக்கத்தில் நான் பார்த்தவை எல்லாம் எங்களைப் போல வார்டிலும் பெஞ்சிலும் தானாகச் சேர்ந்த சின்னக் கூட்டங்கள்தான். உங்கள் வார்டு நர்ஸிடமும் சமூகப் பணியாளரிடமும் கேளுங்கள், உங்கள் வயதில் யாராவது பேசச் சம்மதிப்பார்களா என்று. ஒருவர் கிடைத்தால்கூடப் போதும்.

ஆபத்து இரண்டு. ஒன்று, ஃபார்வர்டுகள். முள்சீத்தா இலைக் கஷாயம் குடித்து கட்டி கரைந்தது, கீமோ எடுக்காமலே குணமானார் என்று வந்துகொண்டே இருக்கும். கண்ணெதிரே ஒருவர் நடுவில் மருந்தை நிறுத்தக்கூடத் துணிந்தார், நாங்கள் கெஞ்சித் திருப்பி அனுப்பினோம். அன்றிலிருந்து எங்கள் குழுவில் வைத்தியக் குறிப்பு கிடையாது, ஸ்கேன் ரிப்போர்ட் படமும் கிடையாது. ஒருவர் ரிப்போர்ட்டை இன்னொருவர் தன்னுடையதோடு வைத்துப் பார்த்து ராத்திரி தூங்காமல் கிடப்பார்.

இன்னொன்றுக்கு விதி போட முடியாது. எங்கள் ஐந்து பேரில் ஒருத்தி போய்விட்டாள். ரத்தப் புற்றுநோய் திரும்பி வந்தது, நான்கு மாதம். கடைசியாக அவள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் சில்வர் பீச்சில் சுண்டல் விற்கிற பெரியவருக்குப் பத்து ரூபாய் பாக்கி இருப்பதாகச் சொல்லியிருந்தாள். நான் போய்க் கொடுத்தேன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. எனக்குத் தூக்கம் மறுபடி போனது, கழுத்தைத் தடவ ஆரம்பித்தேன். அப்போது திரும்பவும் அந்த உளவியல் நிபுணரிடம்தான் போனேன். குழுவில் சேர்கிறவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவேன்: அன்பு வைத்த இடத்தில் இழப்பும் வரும், அந்த நாளைக்குப் போய் உட்கார வேறொரு இடமும் உங்களுக்கு இருக்க வேண்டும். சிகிச்சை முடிந்து ஓரிரு மாதத்துக்குள் மனம் மிகவும் நொறுங்கியிருக்கிறவர்கள் குழுவைக் கொஞ்சம் தள்ளிப்போட்டாலும் தப்பில்லை.

வீட்டை நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அம்மா அப்பாவைக் கவுன்சிலராக்கப் பார்க்காதீர்கள், அவர்களும் பயந்து போயிருக்கிறார்கள். நான் அழுதால் அம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. மாறாக, செய்யக்கூடிய ஒரு வேலையைக் கேளுங்கள். "ஸ்கேன் அன்னைக்குக் கூட வாம்மா, வழியில அதப்பத்தி மட்டும் பேச வேணாம்" என்று கேட்டேன். வந்தாள். போகும் வழியெல்லாம் நாத்தனார் வீட்டு வளைகாப்பைப் பற்றியே பேசினாள். கோயிலுக்குப் போவதும் அப்படித்தான். திருப்பாதிரிப்புலியூர்ப் பிராகாரத்தில் அம்மாவோடு பேசாமல் உட்கார்ந்திருந்த சாயங்காலங்கள் எனக்குப் பெரிய ஆறுதல். அதோடு மாத்திரையும் சாப்பிட்டேன்.

ஆறுதலால் தீராத சில பயங்களும் உண்டு, அவற்றுக்குத் தகவல்தான் வேண்டும். எனக்குக் குழந்தை பிறக்குமா என்ற பயத்தோடு இரண்டு வருடம் யாரிடமும் கேட்காமல் இருந்தேன். ஒரு நாள் என் கேன்சர் டாக்டரிடமே கேட்டேன். எனக்குக் கொடுத்த மருந்துக் கூட்டு, அந்த விஷயத்தில் மற்ற சிலவற்றைவிடப் பாதிப்பு குறைந்தது என்றும் மகப்பேறு டாக்டரிடம் ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம் என்றும் ஐந்து நிமிடத்தில் சொன்னார். இன்னும் கீமோ தொடங்காதவர்கள், ஆணோ பெண்ணோ, தொடங்கும் முன்பே இதைக் கேளுங்கள். விந்தணுவையோ கருமுட்டையையோ முன்கூட்டியே உறைய வைத்துப் பாதுகாக்க வழி இருக்கிறது. கூச்சமாக இருந்தால் சீட்டில் எழுதி நீட்டுங்கள்.

நெல்லிக்குப்பத்துப் பெண்ணிடம் நான் சொன்னது இவ்வளவுதான். முதலில் சிகிச்சை எடுத்த ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்துக்கொண்டு, அங்கேயே மனநலப் பிரிவில் ஒரு தடவை காட்டு, டமாக்சிஃபென் சீட்டைக் கையில் வைத்துக்கொள். அவர்கள் சொன்ன பிறகு தனியாக ஒரு சைக்காலஜிஸ்ட் வேண்டுமா என்று முடிவு செய்யலாம், எட்டுப் பத்து வாரத்துக்குப் பணத்தை இப்போதே ஒதுக்கி வை. 14416ஐ போனில் இன்றைக்கே சேமித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை நடைக்கு எப்போது வேண்டுமானாலும் வா, வந்து பேசாமல் நடந்தால்கூடப் போதும்.

வியாழக்கிழமை அவளுக்கு ஓ.பி. இருக்கிறது. தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றாள். காலை ஆறரை மணிக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஜன்னல் ஓரம் அவளுக்கு.